இலக்குத் தோட்டாவின் நுனி

மும்பை மாநகரின் துறைமுக ரயில் பாதையில் குர்லாவுக்கு முந்திய நிலையம் சுனாபட்டி. சுண்ணாம்புச் சூளை என்பதே அப்பெயரின் பொருள். சூளைத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் இடுவதற்கு முன்னர், அதனை ஏறத்தாழ ஒரே அளவுள்ள துண்டுகளாக உடைத்துக்கொள்ள வேண்டும். பெருங் கற்களையும் சிறு கற்களையும் கலந்து இட்டால், பெரிய கல்லின் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும். சிறிய கல்லோ மிகையாக வெந்து பயன் குன்றிப்போகும். நெருப்பு எத்துணை நன்றாக எரியினும் இக்குறை நீங்காது. முடிவில் கிடைக்கும் பொருளின் தரம், முதலில் செய்யும் தரப்பிரிவினையைப் பொறுத்தது.

இக்கட்டுரை சுண்ணாம்பைப் பற்றியதன்று. நெடுந்தொலைவில் வைத்த இலக்கைத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டில் உபயோகிக்கப்படும் குண்டுகளைப் பற்றியது. அவ்விளையாட்டில் தேர்ந்தவர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்த குண்டை அப்படியே உபயோகிப்பதில்லை. அதன் நுனியைச் சீவி, பின்னர் ஓர் அச்சில் அழுத்திக் கூராக்குகின்றனர். ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று மிகுந்த அகலமே உள்ள நுனியில் செய்யும் இவ்வேலையால் பயன் விளையுமா? விளையுமாயின் எவ்வளவு? அதனை எவ்வாறு அறிவது? இக்கேள்விகளுக்கு விடை காணும்போது, சூளைக்காரரின் பாடமே மீண்டும் நம் முன் வந்து நிற்கும்.

சொற்களைப் பற்றி

மக்கள் வழக்கில் தோட்டா, குண்டு ஆகிய இரு சொற்களும் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குகின்றன. இங்கு அவற்றைப் பிரித்தே ஆள்வோம். பித்தளைக் கூடு, அதன் அடியிலுள்ள தீமூட்டும் கேப், உள்ளேயுள்ள வெடிமருந்து, முகப்பில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டு வெளியேறி இலக்கை நோக்கிப் பறந்து செல்வது குண்டு மட்டுமே. குண்டின் முன்பகுதி வளைந்து குறுகிச் செல்லும். இதனை வளைமுகப்பு எனலாம். வளைமுகப்பின் முடிவில், கண்ணுக்குக் கூராகத் தோன்றும் இடத்தில், உண்மையில் ஒரு சிறு தட்டையான வட்டம் இருக்கிறது. மேனாட்டார் இதனைப் பிரெஞ்சு மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு சொல்லால் குறிப்பர். நாம் இதனை நுனித்தளம் என்று வழங்குவோம்.

குண்டின் வடிவம் வளர்ந்த வரலாறு

பழங்காலத்துத் துப்பாக்கிகள் உருண்டையான ஈயக் குண்டுகளையே எய்தன. உருண்டை வடிவம் வார்ப்பதற்கு எளிது. காற்றைக் கிழித்துச் செல்வதற்கு ஏற்றதன்று. 1742-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், பீரங்கிக் கலையைப் பற்றிய தம் நூலில், ஊசலாடும் மரக்கட்டை ஒன்றின் மீது குண்டைச் சுட்டு அதன் வேகத்தை அளக்கும் முறையை விளக்கினார். அதுகாறும் பலர் புறக்கணித்துவந்த காற்றின் எதிர்ப்பு எவ்வளவு பெரியது என்பது அம்முறையால் புலனாயிற்று.

அடுத்த முன்னேற்றத்தில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்குப் பணியாற்றிய ஜான் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர், இந்நாட்டு மக்கள் ஊதுகுழலில் வைத்து எய்த அம்புகளை நோக்கினாராம். அவ்வம்பின் அடியில் மெல்லிய தக்கை போன்ற பொருள் கட்டப்பட்டிருந்தது. ஊதும்போது அது விரிந்து குழலின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளவே, காற்று பக்கவாட்டில் கசியவில்லை. இதிலிருந்தே அடிப்பகுதி குழிவாக உள்ள நீள்வடிவக் குண்டின் எண்ணம் அவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகிறது. பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த மினியே 1849-இல் உருவாக்கிய புகழ்பெற்ற குண்டும் இதே தத்துவத்தின்மீது அமைந்ததே.

நீள்வடிவக் குண்டு வந்த பின்னரும் அதன் நுனி நெடுங்காலம் மொண்ணையாகவே இருந்தது. 1898-இல் பிரெஞ்சுப் படையும், 1905-இல் ஜெர்மன் படையும், 1910-இல் பிரிட்டிஷ் படையும் கூர்நுனிக் குண்டுகளை ஏற்றுக்கொண்டன. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1887-இல், எர்னஸ்ட் மாக், பேட்டர் சால்ச்சர் ஆகிய இருவரும் ஒலியினும் விரைந்து செல்லும் குண்டின் முன்னே எழும் அதிர்ச்சி அலையின் நிழற்படங்களை வெளியிட்டிருந்தனர். நீரைக் கிழிக்கும் படகின் முன் எழும் அலையைப் போன்ற அவ்வலையை உண்டாக்குவதற்கே குண்டின் ஆற்றலில் ஒரு பெரும் பகுதி செலவாகிறது. நுனி மொண்ணையாக இருந்தால் அலை வலிதாக எழும். நுனி கூராக இருந்தால் அலை மெலிந்து சாய்ந்து செல்லும்.

நுனியைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டு ஊர் ஒன்றின் பெயரை விட்டுவிட இயலாது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில், 1890-களின் பிற்பகுதியில், பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி, நுனியில் மேலுறை இன்றி ஈயம் வெளியே தெரியும்படியான குண்டைச் செய்வித்தார். அது உடலில் பட்டதும் விரிந்து கொடிய காயத்தை விளைவித்தது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, அவ்வாறு விரியும் குண்டுகளைப் போரில் உபயோகிக்கலாகாது என அறிவித்தது. ஆயினும் டம்டம் என்ற ஊர்ப்பெயர் உலக அகராதிகளில் அக்குண்டின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இலக்குக் குண்டின் நுனியிலும் ஒரு சிறு துளை காணப்படுவதால், சிலர் அதனையும் டம்டம் குண்டு எனத் தவறாக எண்ணுகின்றனர். அத்துளை விரிவதற்காகச் செய்யப்பட்டதன்று. செய்முறையின் எச்சமாக நிற்பது. அமெரிக்கத் தரைப்படையின் சட்ட அதிகாரிகள் 1985-லும் 1990-லும் இப்பொருளை ஆராய்ந்து, இத்தகைய குண்டு ஹேக் அறிவிப்பை மீறியதாகாது என்று கருத்துரைத்தனர்.

நுனித்துளை எவ்வாறு உண்டாகிறது?

இலக்குக் குண்டு இரு பகுதிகளால் ஆனது. வெளியே செம்பும் சிறிது துத்தநாகமும் கலந்த மெல்லிய மேலுறை. உள்ளே ஈய உள்ளீடு. முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகளை வெட்டி, அவற்றைப் படிப்படியாக அச்சுகளில் இழுத்து, ஒருபுறம் மூடிய சிறு குவளையாக்குவர். குவளையின் மூடிய பக்கமே பின்னர்க் குண்டின் அடியாகிறது. ஈயக் கம்பியைத் துண்டுகளாக்கி, எடை ஒன்றாகும்படி அழுத்தி, கழுவி உலர்த்திக் குவளைக்குள் இறுக்குவர். இறுதியாக, குவளையின் திறந்த வாயை வளைமுகப்பு அச்சுக்குள் செலுத்திக் குறுக்குவர்.

அச்சுக்குள் இறுகிய குண்டை வெளியே தள்ள வேண்டும். அதற்காக அச்சின் நுனியில் ஒரு சிறு துளையும், அதனூடே இயங்கும் ஓர் எஃகு ஊசியும் உண்டு. ஊசி மிக மெல்லியதாக இருந்தால் வளைந்தோ முறிந்தோ போகும். ஆகவே அதற்கு ஓரளவு பருமன் இன்றியமையாதது. ஊசியின் பருமன் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு அகலத்திற்குக் குண்டின் வாய் மூடாமலே நின்றுவிடுகிறது. நுனித்தளமும் அதன் நடுவிலுள்ள துளையும் உண்டாவது இவ்வாறே. அன்றியும் மேலுறையின் விளிம்பு எல்லாக் குண்டுகளிலும் ஒரே உயரத்தில் முடிவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், ஒன்றில் விளிம்பு சாய்ந்தும், மற்றொன்றில் பிசிறுபட்டும் இருப்பதைக் காணலாம்.

குறையுள்ள பக்கம் நுனியாக அமையும்படி ஏன் செய்தனர் என்று கேட்கலாம். விடை அடிப்பகுதியில் உள்ளது. குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில், பின்னாலிருந்து பீறிடும் வாயு அடிப்பகுதியைச் சூழ்ந்து தள்ளுகிறது. அடியின் விளிம்பு ஒருபுறம் சிதைந்திருந்தால் வாயு அப்புறமாக முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். அமெரிக்க மருத்துவர் பிராங்க்ளின் மான் பல ஆண்டுகள் சோதனை செய்து 1909-இல் வெளியிட்ட நூலில், நுனியைச் சிதைத்த குண்டைவிட அடியைச் சிதைத்த குண்டே இலக்கினின்று மிகுதியாக விலகியது என்பதைக் காட்டினார். எனவே இலக்குக் குண்டில் அடி முழுமையாக மூடப்பட்டு, தவிர்க்க இயலாத குறை நுனிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரு தீமைகளில் சிறியதை ஏற்ற அறிவுடைமை இது.

காற்று கொள்ளும் வரி

நெடுந்தொலைவுப் போட்டிகளில் 1,000 கஜம், அதாவது 914 மீட்டர், மரபாக வந்த ஒரு தூரம். பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட மும்பைப் புறநகர் மின்வண்டி ஏறத்தாழ கால் கிலோமீட்டர் நீளம் உடையது. அத்தகைய வண்டிகள் மூன்றரையை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரத்தில் இலக்கு இருக்கிறது. ஒருவகைப் போட்டியில் அவ்விலக்கின் பத்து எண் வட்டம் 10 அங்குல விட்டமே உடையது. இது 25 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி.

7.8 மில்லிமீட்டர் விட்டமும் 10 கிராம் எடையும் உள்ள குண்டு ஒன்று வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். காற்றே இல்லாவிடில் 914 மீட்டரைக் கடக்க அதற்கு 1.02 வினாடி போதும். காற்றில் ஏறத்தாழ 1.5 வினாடி ஆகிறது. இலக்கை அடையும்போது வேகம் வினாடிக்கு 400 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதற்குள் புவியீர்ப்பினால் அது குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்பது, பத்து மீட்டர் தாழ்கிறது. இவை யாவும் சுமாரான அளவுகள். துப்பாக்கிக்கும் வானிலைக்கும் ஏற்ப மாறுவன.

காற்றில்லாத வெளியில் ஆகும் நேரத்திற்கும் உண்மையில் ஆகும் நேரத்திற்கும் உள்ள வேறுபாடு 0.48 வினாடி. இதனைத் தாமதம் என்போம். பக்கக்காற்றினால் குண்டு விலகும் தூரத்தை இத்தாமதத்தைக் கொண்டே கணக்கிடலாம். காற்றின் வேகத்தைத் தாமதத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். வினாடிக்கு 4 மீட்டர் வேகமுள்ள குறுக்குக் காற்றில் விலகல் 4 × 0.48, அதாவது 1.92 மீட்டர். தாமதம் குறைந்தால் விலகலும் அதே விகிதத்தில் குறையும். காற்றெதிர்ப்பைக் குறைப்பதன் பயன் இதுவே.

இப்போது நுனிக்கு வருவோம். நுனித்தளத்தின் விட்டம் 1.5 மில்லிமீட்டர் எனின், அதன் பரப்பு குண்டின் குறுக்குப் பரப்பில் 3.7 சதவிகிதம். விட்டத்தை 1 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 1.6 சதவிகிதமாகிவிடும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அரை மில்லிமீட்டர் குறைந்ததும் பரப்பில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. இவ்வாறு கூராக்குவதால் மொத்தக் காற்றெதிர்ப்பு சில சதவிகிதம் குறைகிறது என்பது துப்பாக்கி வல்லுநர்களின் அனுபவம். நான்கு சதவிகிதம் என வைத்துக்கொண்டால், மேற்கண்ட காற்றில் விலகல் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் குறையும்.

ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுடுபவர் காற்றை மதிப்பிட்டு அதற்கேற்பக் குறியைத் திருத்திக்கொள்கிறார். ஆகவே அவருக்குக் கேடு விளைவிப்பது காற்றன்று. காற்றை மதிப்பிடுவதில் நேரும் பிழையே. வினாடிக்கு 1 மீட்டர் பிழை செய்தால் கூராக்காத குண்டு 48 சென்டிமீட்டர் விலகும். கூராக்கிய குண்டு 46 சென்டிமீட்டர் விலகும். இரண்டுமே பத்து எண் வட்டத்துக்கு வெளியில்தான் போய் விழும். கொடியின் அசைவையும் கானலின் ஓட்டத்தையும் நோக்கிக் காற்றை அளக்கக் கற்காதவருக்கு நுனியைக் கூராக்கி ஆவது ஒன்றுமில்லை.

கூர்மையும் ஒருமையும்

அப்படியாயின் வல்லவர்கள் இவ்வேலையில் ஏன் மணிக்கணக்காக ஈடுபடுகின்றனர்? அவர்கள் நாடுவது கூர்மையை மட்டுமன்று, ஒருமையை. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் காற்றெதிர்ப்பில் ஒரு சதவிகித வேறுபாடு இருந்தால், 1,000 கஜத்தில் அவை மேலும் கீழுமாக ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விலகி விழும். எல்லாக் குண்டுகளும் சற்று மொண்ணையாக இருந்தாலும் கேடில்லை. குறியை ஒருமுறை உயர்த்திக்கொண்டால் போதும். ஒன்று மொண்ணையாகவும் ஒன்று கூராகவும் இருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது.

இவ்வேறுபாட்டுக்கு நுனி ஒன்றே காரணமன்று. வெடிமருந்தின் அளவு மாறிப் புறப்படும் வேகம் வினாடிக்கு 3 மீட்டர் கூடவோ குறையவோ செய்தால், அதுவே 1,000 கஜத்தில் ஆறேழு சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். ஆதலால் வேலைகளை வரிசைப்படுத்திச் செய்தல் வேண்டும். பெரிய குறையை விட்டுச் சிறிய குறையைத் திருத்துவது, சூளையில் கற்களைக் கலந்து இட்டுவிட்டு நெருப்பைக் குறை கூறுவதை ஒக்கும்.

தரப்பிரிவினை

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த குண்டுகளாயினும், அவை பல அச்சுகளில் செய்யப்பட்டுக் கலந்தவையாக இருக்கக்கூடும். ஆகையால் முதற்கண் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர்ச் செய்ய வேண்டியவை வருமாறு:

1. ஒவ்வொரு குண்டையும் நுண்தராசில் நிறுத்து, எடை மிகவும் வேறுபடுவனவற்றை நீக்குதல்.

2. அடியிலிருந்து வளைமுகப்பு தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தை அளத்தல். வெர்னியர் அளவுகோலின் தாடையில், குண்டின் விட்டத்துக்குச் சற்றுக் குறைந்த துளையுள்ள ஓர் எஃகு வளையத்தைப் பொருத்தி இதனை அளப்பர். குழலின் உட்புறத்தை உராயும் பகுதியின் நீளம் ஒன்றாக இருத்தல் இதனால் உறுதிப்படுகிறது.

3. அடியிலிருந்து நுனி வரையுள்ள முழு நீளத்தை அளந்து, நீளம் ஒத்தவற்றைத் தனித்தனிக் கூட்டமாக்குதல்.

மூன்றாவது வேலையைச் சிலர் விட்டுவிடுகின்றனர். இது பெரும் பிழை. கூராக்கும் அச்சு ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு ஏற்றவாறு திருத்தி வைக்கப்படுவது. அந்நீளத்தைவிட நீண்ட குண்டு அதில் மிகையாக நசுங்கும். குட்டையான குண்டு அச்சைத் தொடாமலே வெளிவரும். தரம் பிரிக்காமல் கூராக்கினால், முன்பு இருந்த வேறுபாட்டோடு புதிய வேறுபாடு ஒன்றையும் நாமே சேர்த்தவர்களாவோம்.

சீவுதலும் கூராக்கலும்

நுனியைச் சீவும் கருவி, பென்சில் சீவியைப் போன்ற எளிய அமைப்புடையது. குண்டின் வளைமுகப்பு ஒரு பொதியில் நேராக அமர, அதன் எதிரேயுள்ள வெட்டலகு நுனியைத் தொட்டு மெல்லிய சுருளாகச் செதுக்கி எடுக்கும். பிசிறு நீங்கி எல்லா நுனிகளும் ஒரே உயரத்தில் சமமாகும். ஆனால் சீவியதும் நுனித்தளம் சற்று அகன்றுவிடுகிறது. ஆதலின் சீவுதல் மட்டும் செய்தால் ஒருமை கிடைக்கும். காற்றெதிர்ப்பு சிறிது கூடவும் செய்யும். இழந்ததை மீட்டு அதற்கு மேலும் பெறுவதற்கே கூராக்கல்.

கூராக்கும் அச்சைக் கைப்பிரஸ்ஸில் பொருத்துவர். குண்டின் விட்டத்துக்கு ஏற்ற குழலுறை ஒன்று அதனை நேராகத் தாங்கும். மேலே கூம்பு வடிவக் குழிவுள்ள எஃகு அச்சு, மைக்ரோமீட்டர் திருகினால் ஏறி இறங்கும். கைப்பிடியை அழுத்தியதும் குண்டு மேலெழுந்து, நுனியின் மேலுறை உட்புறமாக மடிந்து துளை குறுகும். முதலில் அச்சை நன்கு உயர்த்தி வைத்து, ஒரே குண்டை மீண்டும் மீண்டும் அழுத்தி, ஒவ்வொரு முறையும் திருகைச் சிறிதளவே இறக்கிக் கண்ணாடியால் நோக்க வேண்டும். துளை ஏறத்தாழ மூடும் நிலையில் நிறுத்திவிடுதல் நன்று.

முற்றிலும் மூடிவிட வேண்டும் என்ற ஆசைக்கு இடம் தரலாகாது. அளவு மீறி அழுத்தினால், நுனிக்குச் சற்றுப் பின்னே மேலுறை புடைத்து ஒரு மெல்லிய வளையம் தோன்றும். நகத்தால் தடவினாலே அது புலப்படும். அப்புடைப்பு, நாம் நீக்கிய எதிர்ப்பை வேறு வழியில் திரும்பக் கொணர்வதோடு, நுனியை ஒருபுறமாகச் சாய்த்தும் விடக்கூடும். இக்குண்டு பறக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 2,700 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அவ்வளவு வேகமாகச் சுழலும் பொருளில் அச்சுக்கு விலகிய சிறு குறையும் பெரிதாக வெளிப்படும். இக்காரணத்தால் கூடு, மருந்து முதலியவற்றோடு சேர்ப்பதற்கு முன்னரே, தனிக் குண்டின்மீதே இவ்வேலையைச் செய்வர். மருந்து அடைத்த தோட்டாவை எக்காரணம் கொண்டும் இவ்வச்சில் இடலாகாது.

பயன் விளைந்ததா என அறிதல்

இவ்வளவு உழைத்த பின்னர், உழைத்தவர் தம் உழைப்புக்குப் பயன் கிடைத்ததென்று நம்பவே விரும்புவார். ஆராய்ச்சியாளன் அஞ்ச வேண்டியது இவ்விருப்பத்தையே. கூராக்கிய குண்டில் மூன்றும் கூராக்காத குண்டில் ஐந்தும் சுட்டு, முன்னதன் கூட்டம் சிறிதென மகிழ்வது வீண். ஒரே துப்பாக்கி, ஒரே வகைக் குண்டாயினும், சுடும் எண்ணிக்கை கூடக்கூட மிகவும் விலகிய இரு துளைகளுக்கு இடையிலுள்ள தூரம் கூடிக்கொண்டே போகும். சிதறலின் திட்ட விலக்கத்தை ஓர் அலகாகக் கொண்டால், அத்தூரம் சராசரியாக மூன்று குண்டுகளில் 2.4, ஐந்தில் 3.1, பத்தில் 3.8 அலகுகளாகும். எண்ணிக்கை ஒன்றாயினும், ஒரு கூட்டத்தை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறலாகாது.

நேர்மையான சோதனைக்கு மூன்று விதிகள் போதும். முதலாவது, இருவகைக் குண்டுகளையும் மாறி மாறிச் சுட வேண்டும். காற்றும் குழலின் சூடும் மாறுவதால் விளையும் வேறுபாடு இருசாராருக்கும் சமமாகப் பங்கிடப்படும். இரண்டாவது, எது எவ்வகை என்பது சுடுபவருக்குத் தெரியாதபடி வேறொருவர் தோட்டாக்களை எடுத்துத் தர வேண்டும். மூன்றாவது, பக்கவாட்டு விலகலைக் காற்றுக்கு விட்டுவிட்டு, மேல்கீழ் விலகலை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முடிவைப் படிக்கும்போதும் விழிப்பு வேண்டும். காற்றெதிர்ப்பு நான்கு சதவிகிதம் குறைந்தால் குண்டுகள் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்தில் விழும். வகைக்குப் பத்துக் குண்டு சுட்டாலே இது தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் குறியைத் தாழ்த்தினால் மறைந்துபோகும் இவ்வுயர்வு வெற்றியாகாது. சிதறல் குறைந்ததா என்பதே கேள்வி. சிதறலில் ஏற்படும் சிறு குறைவைக் காண்பதற்கு மிகப் பல குண்டுகள் வேண்டும். சராசரி மாறியதைக் கண்டு சிதறல் குறைந்தது என்று சொல்வோர் பலர். இவ்விரண்டையும் வேறாகக் காணப் பழகுதல், துப்பாக்கிக்கு மட்டுமன்றி விதைச் சோதனைக்கும் உரச் சோதனைக்கும் பொருந்தும் பயிற்சியாகும்.

நம் நாட்டில்

இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1951-இல் தோன்றியது. பின்னர் மக்களவைத் தலைவராக விளங்கிய மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். மராட்டிய நாட்டுக்கும் இவ்விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. இங்கிலாந்தில் இன்றும் பல நாட்டு அணிகள் பங்குகொள்ளும் கோலாப்பூர்க் கோப்பை, 1871-இல் கோலாப்பூர் அரசரின் பெயரால் வழங்கப்பட்டது. அதே கோலாப்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவரும் மத்திய ரயில்வேயின் ஊழியருமான ஸ்வப்னில் குசாலே, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். சுனாபட்டி நிலையமும் அந்த மத்திய ரயில்வேயைச் சேர்ந்ததே.

சுனாபட்டி, தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளில் 1,000 கஜத் திடலை நினைத்தும் பார்க்க இயலாது. நம் இளைஞர்களில் பெரும்பாலோர் தொடங்குவது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் இப்போட்டியிலேயே. இதில் உபயோகிக்கும் அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டின் நுனி எப்படிப்பட்டது? முழுத் தட்டை. பத்தே மீட்டரில் காற்றெதிர்ப்பு ஒரு பொருட்டன்று. தாள் இலக்கில் துளையின் விளிம்பு தெளிவாக விழுந்தால்தான் எண்ணிக்கையைச் சரியாகக் கணிக்கலாம். நுனியின் வடிவை முடிவு செய்வது தூரமே என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை. ஆயினும் தேர்ந்த வீரர்கள் இச்சிறு குண்டுகளையும் தலையின் விட்டம், எடை, தயாரிப்புத் தொகுதி ஆகியவற்றின்படி பிரித்தே எடுக்கின்றனர். கூர்மை தேவைப்படாத இடத்திலும் ஒருமை தேவைப்படுகிறது.

எச்சரிக்கை

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தோட்டாக்களை உரிமமின்றித் தயாரிப்பது குற்றமாகும். இங்குக் கூறிய முறைகள் உரிமம் பெற்றோர் செய்வன. வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்ப்பதற்குரியன அல்ல. ஈயம் மெல்ல மெல்ல உடலிற் சேர்ந்து தீங்கு விளைப்பது. சிறுவர்களை அது மிகுதியாகத் தாக்கும். காற்றுத் துப்பாக்கி பழகும் மாணவரும், தேசிய மாணவர் படையில் சுடப் பழகுவோரும், குண்டுகளை வாயில் வைத்தல் கூடாது. பயிற்சி முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவாமல் உணவைத் தொடுதல் கூடாது. இதனை அவர்களுக்கு வற்புறுத்திக் கூறுதல் ஆசிரியர் கடமை.

வகுப்பறையில்

ஆயுதம் எதுவுமின்றியே இப்பாடத்தின் சாரத்தை மாணவருக்கு உணர்த்தலாம். ஒரே அளவுத் தாளில் இருபது கூம்புகள் செய்வித்து, பாதியைக் கூர்நுனியுடன் விட்டு, மீதியின் நுனியை வெட்டித் தாளால் தட்டையாக மூடுமாறு கூறுக. இரு கூட்டத்தின் எடையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்க. மாடியிலிருந்து நுனி கீழாக அவற்றை மாறி மாறி விழவிட்டு, விழும் நேரத்தைக் குறிக்கச் செய்க. இரு கூட்டத்தின் சராசரியையும், ஒவ்வொரு கூட்டத்தினுள் காணும் ஏற்றத்தாழ்வையும் கரும்பலகையில் தனித்தனியே எழுதுக. வேறுபாடு தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அப்போது, தெரியவில்லை என்றே எழுதச் செய்க. கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கமே விஞ்ஞானத்தின் தொடக்கம்.

சூளைக்காரர் கல்லை உடைத்து அளவு பார்ப்பதும், வீரர் குண்டை அளந்து பிரிப்பதும் ஒரே அறிவின் இரு தோற்றங்கள். இறுதியில் செய்யும் நேர்த்தி கண்ணைக் கவரும். முதலில் செய்யும் பிரிவினை எவர் கண்ணிலும் படாது. இலக்கின் நடுவைத் தொடுவதில் பெரும்பங்கு அக்கண்ணிற்படாத வேலைக்கே உரியது.